கோடாக் பொன்விழாப் பெட்டி கேமரா (1930): அசலை அடையாளம் காண்பது முதல் பாதுகாப்பது வரை

1930இல் கோடாக் நிறுவனம் தன் பொன்விழாவை ஒட்டி வழங்கிய பெட்டி கேமராக்கள் சுமார் 5,57,000. எண்ணிக்கையைப் பார்த்தால் இது அரிய பொருளே இல்லை. ஆனால் மேலுறை கிழியாமல், நிறம் மங்காமல், பக்கவாட்டில் ஒட்டிய தங்கநிற முத்திரை முழுசாக இருக்கும் ஒன்றைத் தேடிப் பாருங்கள், அப்போதுதான் அருமை புரியும். இந்தக் கேமராவின் மதிப்பு லென்ஸிலும் ஷட்டரிலும் இல்லை, அந்த மெல்லிய ஜிகினாத் தாள் முத்திரையில் இருக்கிறது. வாங்குவது, துடைப்பது, படம் எடுப்பது, பெட்டியில் வைப்பது என எதைச் செய்தாலும், முத்திரைக்கு என்ன ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதைத் தேடுகிறோம்

ஜார்ஜ் ஈஸ்ட்மேன் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் உலர் தகடுகளை (ஃபிலிமுக்கு முன் படம் எடுக்கப் பயன்பட்ட, ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுகளை) விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது 1880இல். அதைக் கணக்கில் வைத்து 1930ஐப் பொன்விழா ஆண்டாகக் கொண்டாடினார்கள். அந்த ஆண்டில் 12 வயது நிறையும் அமெரிக்க, கனடியச் சிறுவர் சிறுமியருக்கு ஒரு கேமராவும் ஒரு ஃபிலிம் ரோலும் இலவசம் என்று அறிவித்தார்கள். பெற்றோரையோ பாதுகாவலரையோ அழைத்துக்கொண்டு கோடாக் விற்பனையாளரின் கடைக்குப் போக வேண்டும். மே 1ஆம் தேதி விநியோகம் தொடங்கியது. முந்தைய அக்டோபரில்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்திருந்தது. அந்த நேரத்தில் கேமராவைச் சும்மா கொடுத்தது வெறும் தாராளம் அல்ல. கேமரா கைக்கு வந்த பிள்ளைக்கு அடுத்த ரோலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சேகரிப்பாளர் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கேமரா போய்ச் சேர்ந்தது 12 வயதுப் பிள்ளைகளின் கையில். கீழே போட்டார்கள், மழையில் விட்டார்கள், வியர்வைக் கையோடு பிடித்தார்கள். முத்திரை ஒட்டியிருப்பதோ கை படும் வலது பக்கத்தில். அதனால்தான் லட்சக்கணக்கில் வெளிவந்தும் நல்ல நிலையில் இருப்பது கொஞ்சமே.

அடிப்படையில் இது கோடாக்கின் நம்பர் 2 ஹாக்-ஐ, மாடல் சி என்ற பெட்டி கேமரா. அட்டையால் ஆன பெட்டி, ஒற்றைக் கண்ணாடி மெனிஸ்கஸ் (ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்த) லென்ஸ், சாதாரணச் சுழல் ஷட்டர். 120 என்ற அளவு ரோல் ஃபிலிமில் 6×9 செ.மீ. அளவில் 8 படம் விழும். வழக்கமான ஹாக்-ஐ கருப்பு நிறத்தில் வரும். பொன்விழாப் பதிப்பின் மேலுறை ஊர்வனவற்றின் தோலைப் போன்ற வரிகள் பதித்த இளம்பழுப்புத் தாள். வலது பக்கத்தில், மேலே பின்மூலையில், தங்கநிற முத்திரை. அதில் 50ஆம் ஆண்டு என்ற குறிப்பும் 1880, 1930 ஆகிய ஆண்டுகளும் இருக்கும்.

இந்த இலவசத் திட்டம் இந்தியாவுக்கு வரவில்லை. நம் ஊர்ப் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் ஹாக்-ஐ பெரும்பாலும் சாதாரணக் கருப்புப் பெட்டிதான். பொன்விழாப் பதிப்பு வேண்டுமென்றால் வெளிநாட்டு விற்பனையாளரிடமோ, அங்கிருந்து வந்த உறவினரின் பெட்டியிலோதான் தேட வேண்டும்.

வாங்கும் முன்: இந்த வரிசையில் பாருங்கள்

விற்பவரிடம் பொதுவான படங்களை மட்டும் வாங்கிக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். குறைந்தது ஐந்து படம் கேளுங்கள்: முத்திரை நேராக, முத்திரை மேல் பக்கவாட்டு வெளிச்சம் விழும்படி சாய்வாக, முன்பக்கம், பின்கதவு திறந்த நிலையில் உள்பக்கம், நான்கு கீழ்மூலைகளும் தெரியும்படி ஒன்று. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் எல்லாவற்றையும் விட முக்கியம். நேர் வெளிச்சத்தில் ஜிகினா பளபளத்துக் கீறல்களை மறைத்துவிடும். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தூக்கிய ஓரமும், மடிப்பும், திருப்பி ஒட்டிய தடமும் வெளியே வரும்.

*முதல் சோதனை, மேலுறை.* இதே காலத்தில் ஹாக்-ஐ பெட்டிகள் வண்ண மேலுறையிலும் விற்பனைக்கு வந்தன, பழுப்பும் அவற்றில் உண்டு. "முத்திரை உதிர்ந்துவிட்டது, மற்றபடி பொன்விழா கேமராதான்" என்று அந்தப் பழுப்புப் பெட்டியை விற்பவர்கள் இருக்கிறார்கள், சிலர் தெரியாமலே. உண்மையில் முத்திரை உதிர்ந்த பெட்டி என்றால் அந்த மூலையில் அதன் தடம் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் வெளிச்சமும் கை அழுக்கும் படாத இடம் சுற்றியுள்ள தாளைவிடத் தெளிவான நிறத்தில் இருக்கும். பழைய பசையின் பழுப்புக் கறையும் தெரியும். தடமே இல்லை என்றால் சாதாரண வண்ணப் பெட்டியின் விலைக்கு மேல் தராதீர்கள்.

*இரண்டாவது, முத்திரை அசலா.* கையில் 10 மடங்கு உருப்பெருக்கி லென்ஸ் வேண்டும். அசல் அச்சில் எழுத்துகளின் ஓரம் திடமாக, ஒரே நிறப் பரப்பாக இருக்கும். இன்றைய பிரின்டரில் எடுத்த நகல் என்றால் உருப்பெருக்கியில் சிறு சிறு வண்ணப் புள்ளிகள் தெரியும். அடுத்து முத்திரை மேலுறையின் வரிகளோடு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். அத்தனை காலம் ஒட்டியிருந்த ஜிகினா அடியிலுள்ள மேடு பள்ளங்களில் படிந்து, அந்த வரிகளின் சாயலை மேலேயும் காட்டும். புதிதாக ஒட்டியது தட்டையாக மேடுகளின் மீது மட்டும் உட்கார்ந்திருக்கும். மேலுறை முழுக்கத் தேய்ந்திருக்க முத்திரை மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். ஒரே கைதான் இரண்டையும் தேய்த்திருக்க வேண்டும்.

*மூன்றாவது, புற ஊதா டார்ச்.* ரூபாய் நோட்டு சோதிக்கும் சிறிய டார்ச் போதும். இருட்டறையில் முத்திரையின் ஓரத்திலும், கூட வரும் கையேடு, பெட்டி ஆகியவற்றிலும் அடித்துப் பாருங்கள். காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அது கலந்த தாள் நீலவெள்ளையாக ஒளிரும். 1930 தாள் மங்கலாகவே இருக்கும். ஓரத்தில் பளீரென்று நீலம் எட்டிப் பார்த்தால் அது பிற்காலத்து வேலை. இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: பழைய முத்திரையை யாரோ இன்றைய பசை வைத்துத் திருப்பி ஒட்டியிருந்தால் பசை மட்டும் ஒளிரும், தாள் ஒளிராது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

*நான்காவது, உள்பக்கம்.* சுற்றும் சாவி, உள்ளே இருக்கும் ஃபிலிம் தாங்கி, உருளைகள், பின்பக்கச் சிவப்புச் சாளரம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். காலி ஸ்பூல் இல்லை என்றால் கவலை வேண்டாம், இன்றைய 120 ஸ்பூலே சரியாக உட்காரும். ஆனால் மரத்தண்டும் உலோக விளிம்பும் கொண்ட பழைய ஸ்பூல் உள்ளே இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

உள்ளே மையால் எழுதிய பெயரோ முகவரியோ இருக்கலாம். 1930இல் 12 வயது என்றால் 1918இல் பிறந்த பிள்ளை. தன் கேமரா தொலைந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்தது. சிலர் அதை அழுக்கு என்று நினைத்து அழிக்கிறார்கள். அழிக்கவே அழிக்காதீர்கள். வரிசை எண் எதுவும் இல்லாத இந்தக் கேமராவில், குறிப்பிட்ட ஒரு பெட்டி யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்று கிடைக்காது. 1975இல் ஜெர்மன் கேமரா நிறுவனமான லைகா தன் 50 ஆண்டுப் பதிப்புகளில் இலை வளையமும் தனி எண்ணும் பொறித்துக் கொடுத்தது. கோடாக்கின் பெட்டியில் அப்படி எதுவும் கிடையாது.

விலை பேசும்போது

முத்திரை முழுசு, மேலுறை நல்ல நிலை, அசல் அட்டைப்பெட்டியோ தாள்களோ கூடவே இருக்கிறது என்றால் கேட்கும் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். முத்திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உதிர்ந்திருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் கேட்கும் விலையில் பாதிக்கும் குறைவாகப் பேசுங்கள். ஷட்டர் வேலை செய்கிறதா இல்லையா என்பதற்காக விலையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முத்திரை இல்லாத பெட்டியின் விலை சாதாரணப் பெட்டி கேமராவின் விலைதான். தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். குறைந்த விலைக் கேமராவில் இந்த இரண்டும் பொருளின் விலையையே தாண்டிவிடும்.

அனுப்பும் முறையையும் நீங்களே எழுதிச் சொல்லிவிடுங்கள். முத்திரை மேல் அமிலமில்லாத மெல்லிய தாள் ஒரு சுற்று, அதன் மேல் மென்மையான பருத்தித் துணி, அதற்கும் மேல்தான் குமிழ் பிளாஸ்டிக். குமிழ் பிளாஸ்டிக் நேராக ஜிகினா மேல் பட்டு வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தால் வட்ட வட்டமாகத் தடம் பதியும். கேமரா மேல் எந்த இடத்திலும் டேப் ஒட்டக் கூடாது.

கைக்கு வந்ததும்: திறக்கும் முறை

குளிர்பதன அறையில் இருந்து வந்த பார்சல் என்றால் சில மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். இல்லையென்றால் நம் ஊர் ஈரக்காற்று அட்டையின் மேல் வேர்த்துவிடும்.

1. தோல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். காய்ந்த வார் வெடித்து அறுந்துவிடும். இரண்டு உள்ளங்கையாலும் மேலிருந்து கீழாக அணைத்து எடுங்கள், விரல்கள் முத்திரையில் படாமல்.
2. மேசையில் மென்துணி விரித்து, முத்திரைப் பக்கம் மேலே வரும்படி வையுங்கள்.
3. பின்கதவைத் தாழ் நீக்கித் திறங்கள்.
4. உள்தாங்கியை வெளியே இழுக்கும் முன் சுற்றும் சாவியை வெளிப்பக்கமாக இழுத்துவிடுங்கள். சாவியின் முனை ஸ்பூலுக்குள் கோத்திருக்கும். அதை எடுக்காமல் தாங்கியை இழுத்தால் அட்டை கிழியும், சாவித் துளை பெரிதாகும், பிறகு அந்த வழியாக வெளிச்சம் கசியும். இந்த வகைப் பெட்டிகளில் உள்ள கிழிசல்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.
5. தாங்கி நகரவில்லை என்றால் சாவியை லேசாக அப்படியும் இப்படியும் திருப்பி மறுபடி இழுங்கள். பலம் காட்ட வேண்டாம்.

உள்ளே படம் எடுத்த பழைய ரோல் இருந்தால் வெளிச்சத்தில் பிரிக்காதீர்கள். இருட்டில் எடுத்து, இறுகச் சுற்றி, அலுமினியத் தாளில் பொதிந்து, பழைய ஃபிலிமைக் கழுவத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுத்தம் செய்தல்

சேகரிப்பாளர் கையாலேயே அதிகம் பாழாவது இந்தக் கட்டத்தில்தான். மேலுறை தோல் இல்லை, வரி பதித்த தாள். தோலுக்கான எண்ணெய், ஷூ பாலிஷ், தேங்காய் எண்ணெய் எதுவும் தொடக் கூடாது. தாள் எண்ணெயை உறிஞ்சிக் கருக்கும், அந்தக் கறையை யாராலும் எடுக்க முடியாது. ஈரத்துணியும் வேண்டாம். இளம்பழுப்பு நிறம் ஈரத்தில் கரைந்து துணியோடு வந்துவிடும், அட்டையும் ஊறி மூலைகள் பிரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மென்மையான ஆட்டுமயிர் பிரஷ் அல்லது புதிய ஒப்பனை பிரஷ் எடுத்து, மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள். முத்திரை இருக்கும் மூலையில் பிரஷ்ஷை முத்திரையின் நடுவிலிருந்து வெளியோரம் நோக்கி மட்டும் ஓட்டுங்கள். வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் தூக்கியிருக்கும் ஓரம் பிரஷ் மயிரில் மாட்டி உரிந்துவரும். ஜிகினாவைப் பளபளப்பாக்க முயல வேண்டாம். மங்கிய தங்கநிறம்தான் அதன் வயது. வார்னிஷ், தெளிவான நகப்பூச்சு, லாமினேஷன் எதுவும் போடக் கூடாது. சில ஆண்டுகளில் அவை மஞ்சளாகிச் சுருங்கி ஜிகினாவையும் சேர்த்து இழுக்கும்.

முத்திரையின் ஓரம் தூக்கியிருந்தால் ஒட்டலாமா? ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் மெத்தில் செல்லுலோஸ் பசையைத் தயிர் பதத்தில் கரைத்து, ஒற்றை மயிர் நுனியுள்ள பிரஷ்ஷால் அடியில் தொட்டு, சிலிக்கான் பூசிய தாளை மேலே வைத்து, விரல் நுனியால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். மெத்தில் செல்லுலோஸ் பின்னாளில் ஈரம் காட்டினால் இளகும், அதாவது செய்ததைத் திருப்பிக்கொள்ளலாம். சூப்பர் குளூ வைத்தால் அந்த வாய்ப்பே போய்விடும், ஜிகினாவும் வெளுக்கும். மைதாப் பசை பக்கமே போக வேண்டாம். அதைத் தின்ன வரும் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தாளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

லென்ஸுக்கு ரப்பர் ஊதியால் ஊதுவது போதும். உள்பக்கத்தில் பூஞ்சை தெரிந்தால், தாங்கியை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடையுங்கள். நீர் சொட்டக் கூடாது, சுற்றிலும் அட்டை. வியூபைண்டர் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு பழுதாகியிருக்கும். அதை ஊதுங்கள், துடைக்காதீர்கள். துடைத்தால் பூச்சு துணியோடு வந்துவிடும்.

ஷட்டர்

பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சன்னலைப் பார்த்து நெம்பைத் தள்ளுங்கள். ஒரு கணம் ஒளி வட்டம் தெரிந்து மறைய வேண்டும். சுழல் ஷட்டரில் நெம்பை ஒரு திசையில் தள்ளினால் ஒரு படம், மறுதிசையில் தள்ளினால் அடுத்த படம். பழையபடி மேலே கொண்டுவர வேண்டும் என்று நினைத்து மறுபடி தள்ளினால் அதே ஃபிலிமில் இன்னொரு படம் விழுந்துவிடும். இரட்டைப் படம் விழுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஷட்டர் மந்தமாக இருந்தால் பத்துப் பதினைந்து முறை தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் விடக் கூடாது. அது தகட்டில் பரவித் தூசியைப் பிடித்து ஒட்டவைக்கும், லென்ஸிலும் படியும். அப்போதும் அசையவில்லை என்றால் முன்பலகையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் மேலுறை கிழியும். முத்திரை நன்றாக உள்ள பெட்டியில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். ஷட்டர் செத்தது செத்ததாகவே இருக்கட்டும்.

படம் எடுக்க வேண்டுமா?

எடுக்கலாம். ஆனால் முத்திரை முழுசாக உள்ளதில் ஒரு ரோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது விலை குறைந்த கருப்பு ஹாக்-ஐ ஒன்று வாங்கி அதில் விளையாடுங்கள். லென்ஸும் ஷட்டரும் ஒன்றேதான், விழும் படத்தில் வித்தியாசம் இருக்காது. நல்ல காலம், இது 620 ஃபிலிம் கேமரா இல்லை. அந்த அளவு பின்னால் வந்தது, இன்று தயாரிப்பில் இல்லை. 120 இன்றும் கிடைக்கிறது.

ஏற்றும் முன் வெளிச்சக் கசிவைச் சோதியுங்கள். இருட்டறையில் சின்ன எல்இடி விளக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடி, எல்லா மூலைகளையும் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் உள்பக்கம் கருப்புத் துணி டேப் சிறு துண்டாக ஒட்டுங்கள், வெளிப்பக்கம் வேண்டாம்.

புதிய ரோலை நிழலில் ஏற்றி, பின்தாளின் நுனியை உருளைகள் மேல் கொண்டுவந்து காலி ஸ்பூலின் பிளவில் கோத்து இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தாங்கியை உள்ளே தள்ளி, சாவியை அழுத்திக் கோத்து, கதவை மூடுங்கள். இன்றைய 120 பின்தாளில் மூன்று வரிசை எண்கள் இருக்கும். இந்தச் சாளரத்துக்கு நேரே வருவது 1 முதல் 8 வரையுள்ள 6×9 வரிசை.

சிவப்புச் சாளரத்தில் கவனம் தேவை. 1930இல் பரவலாக இருந்த ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது, அதனால் சிவப்புச் சாளரம் ஆபத்தில்லாமல் இருந்தது. இன்றைய ஃபிலிம் எல்லா நிறத்தையும் உணரும். தெருவெயிலில் சாளரத்தைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் வெள்ளைத் திட்டு விழும். மேலுறையில் ஒட்டாமல், சாளரத்தை மூடுமளவு கருப்பு அட்டைத் துண்டை ரப்பர் பட்டையால் நிறுத்துங்கள், பட்டை முத்திரை மேல் போகாமல். ஃபிலிமை நகர்த்தும்போது மட்டும், உங்கள் நிழலில், அட்டையை விலக்கி எண்ணைப் பாருங்கள்.

இத்தகைய பெட்டிகளின் ஷட்டர் வேகம் சுமார் 1/40 வினாடி, துவாரம் எஃப்/11க்கும் எஃப்/16க்கும் இடையில். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர் திறன்) 100 அல்லது 125 கருப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்றிரண்டு படி (ஒரு படி என்றால் இரு மடங்கு) அதிக ஒளி பெறும், நெகட்டிவ் அதைத் தாங்கும். மேகமூட்டத்துக்கும் திறந்த நிழலுக்கும் ஐஎஸ்ஓ 400. ஸ்லைடு ஃபிலிம் வேண்டாம், அதற்கு இவ்வளவு தாராளம் கிடையாது. எடுக்கும் பொருள் 3 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பெட்டியை வயிற்றோடு அணைத்து, மூச்சைப் பிடித்து, நெம்பை மெதுவாகத் தள்ளுங்கள். படம் மங்குவது பெரும்பாலும் கை ஆட்டத்தால்தான்.

வைக்கும் இடம்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் பல மாதங்கள் 70 விழுக்காட்டைத் தாண்டும். அட்டையும் பசையும் ஜிகினாவும் சேர்ந்த பொருளுக்கு 40 முதல் 50 விழுக்காடு ஏற்றது. மின்சார உலர் பெட்டி இருந்தால் 45இல் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக மூடும் பாலிபுரோப்பிலீன் டப்பாவில் 100 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரமானியும் போதும். ஜெல் நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். 35க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அட்டை சுருங்கும்போது அதனோடு சேர்ந்து சுருங்காத ஜிகினா குமிழ்விட்டு எழும்பும்.

பாச்சா உருண்டை வேண்டாம், அதன் ஆவி பழைய பசைகளையும் பூச்சுகளையும் தாக்கும். வேப்பிலை பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும். பிவிசி உறைக்குள்ளும் போடாதீர்கள். காட்சிக்கு வைப்பதானால் சன்னல் வெயில் படாத அலமாரியில், முத்திரைப் பக்கம் சுவரைப் பார்த்தபடி வைத்துவிட்டு, யாராவது கேட்டால் திருப்பிக் காட்டுங்கள்.

வாங்கிய அன்றே முத்திரையை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்: நேர் வெளிச்சத்தில் ஒன்று, இடப்பக்கமிருந்து சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை அதே விளக்கு, அதே கோணம், அதே தூரத்தில் மறுபடி எடுத்துப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் தூக்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே சாய்ந்த வெளிச்சப் படத்தில் நிழலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அன்றே ஈரமானியைப் பாருங்கள், ஜெல்லை மாற்றுங்கள்.